அஞ்சு மைக்ரானா, அரை மைக்ரானா? சுங்கை சிப்புட் சகோதரிக்கு ஒரு பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த சகோதரி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். முன்பு இருந்தவர்கள் சமையலறையில் மூன்று ஹவுசிங் (கார்ட்ரிட்ஜை வைத்து மூடும் குடுவை) கொண்ட பத்து அங்குல ஃபில்டரை விட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ், அதாவது தண்ணீரை வடிக்கிற, மாற்றக்கூடிய உருளை, மூன்றும் பழையவை. ஹார்ட்வேர் கடைக்காரர் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 1 மைக்ரான், அரை மைக்ரான் என்று வரிசையாக எடுத்து வைத்து, எண் குறையக் குறையத் தண்ணீர் சுத்தம் என்றாராம். வீடு தேடி வந்த விற்பனையாளர் தண்ணீரின் காரத்தன்மையைக் கூட்டும் அல்கலைன் உருண்டைகளைப் போடச் சொல்கிறார். வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். அங்கே அடிக்கிற களைக்கொல்லி தண்ணீரில் வருமோ என்ற பயம் வேறு. அம்மாவும் அப்பாவும் இன்னும் தோட்டத்து வீட்டில் டியூப் வெல் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில்தான் இருக்கிறார்கள். இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், போகிற போக்கில், இரண்டு மாதக் குழந்தைக்கு இந்த ஃபில்டர் தண்ணீரிலேயே பால் கலக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் கேள்வி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்: எந்த கார்ட்ரிட்ஜ் போட்டாலும் கொதிக்க வைக்காமல் கலக்காதீர்கள். இதில் எனக்கு ஐயமே இல்லை. காரணம் தண்ணீர் மட்டுமில்லை. டின்னில் வரும் பால் மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் கிடையாது. அதிலேயே க்ரோனோபேக்டர் போன்ற கிருமி அபூர்வமாக இருக்கலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் உள்ள தண்ணீரில் மாவைக் கலக்கச் சொல்லியிருக்கிறது. கொதித்த தண்ணீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல் கலந்து, புட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து இளஞ்சூடாக்கிக் கொடுங்கள். ஃபில்டர் இருக்கிறதே என்று கெட்டிலைத் தூக்கி உள்ளே வைத்துவிடக் கூடாது.

இனி கார்ட்ரிட்ஜுக்கு வருவோம். நான் தோட்டத்துப் பம்ப் வீட்டில் வேலை பழகியவன். அப்புறம் பல வருடமாக சுங்கை சிப்புட், குவாலா கங்சார் பக்கம் ஃபில்டர் பொருத்துவதும் சர்வீஸ் பார்ப்பதும்தான் பிழைப்பு. விற்கிறவனும் நானே என்பதால் நான் சொல்வதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள், தப்பில்லை.

உங்கள் தாமானுக்கு வருவது பேராக் நீர் வாரியத்துக் குழாய்த் தண்ணீர். ஆற்று நீரில் படிகாரம் போன்ற மருந்து கலந்து, கலங்கலைப் படியவைத்து, மணலில் வடித்து, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரப்படி, லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை குளோரின் மிச்சம் இருக்கலாம், இரும்பு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கலங்கல் 5 என்டியுவுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு அது) இருக்க வேண்டும். நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் நன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தொந்தரவெல்லாம் வழியில்தான்: தெருவுக்கு அடியில் கிடக்கும் பழைய குழாய், உங்கள் வீட்டில் இரும்புக் குழாய் இருந்தால் அதன் துரு, மூடி சரியில்லாத மேல்தொட்டி, தண்ணி கட் ஆகித் திரும்ப வரும்போது கிளம்பி வருகிற சேறு. ஆக, உங்கள் வீட்டு ஃபில்டருக்கு இருக்கிற வேலை இரண்டே இரண்டு: மண்ணையும் துருவையும் பிடிப்பது, குளோரின் வாடையை எடுப்பது. இதற்கு மேல் செய்வதெல்லாம் கூடுதல் காப்பு, அவ்வளவுதான்.

மைக்ரான் எண் என்பது கார்ட்ரிட்ஜின் சக்தி கிடையாது; எவ்வளவு பெரிய துகள் வரை விடும் என்பதற்கான அடையாளம். அந்த அடையாளமும் எப்போதும் நேர்மையாக இருப்பதில்லை. அட்டையில் நாமினல் என்று போட்டிருந்தால், அந்த அளவுத் துகளில் ஒரு பங்கைப் பிடிக்கும் என்று அர்த்தம். எத்தனை பங்கு என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்துகொள்கிறார். அப்சலூட் என்று போட்டு 99.9 போன்ற சதவீதமும் சேர்த்துச் சொல்லியிருந்தால்தான் அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடலாம். பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும் வெள்ளை பிபி (பாலிப்ரொப்பிலீன் இழையால் ஆன) கார்ட்ரிட்ஜ் அநேகமாக எல்லாமே நாமினல். ஆகவே ஒரு கம்பெனியின் 5 மைக்ரான் இன்னொரு கம்பெனியின் 1 மைக்ரானை விட நன்றாகப் பிடிக்கிற கூத்தும் உண்டு.

முதல் ஹவுசிங்குக்கு 5 மைக்ரான் பிபி போதும். 1 மைக்ரானை முதலில் வைத்தால், நம் ஊர் மழைக்காலத்தில் சீக்கிரமே அடைத்துக்கொண்டு குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வடியும். நல்ல பிபியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும்; கட்டை விரலால் அழுத்தினால் வெளிப்புறம் கொஞ்சம் மெத்தென்று இருந்து, உள்ளே போகப் போக இறுக வேண்டும். கழற்றிய பழையதைத் தூக்கி எறியாமல் பழைய கத்தியால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெளியே அடர்ந்த பழுப்பு, நடுவில் தேநீர் நிறம், மையக் குழாயை ஒட்டி வெள்ளை என்று படிப்படியாக மங்கினால் அது ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. தோல் மட்டும் பழுப்பாகி உள்ளே பளிச்சென்று வெள்ளையாக இருந்தால், உங்கள் தண்ணீர்த் துகளுக்கு அது தேவைக்கு மேல் நெருக்கம். அடுத்த முறை 10 மைக்ரான் வாங்கினால் அதிக நாள் வரும். மையம் வரை பழுப்பு ஏறியிருந்தால் மாற்றத் தாமதித்துவிட்டீர்கள். மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ மட்டும் ஒரு பழுப்புக் கோடு மையத்துக்குள் ஓடியிருந்தால் அது வேறு கதை: கார்ட்ரிட்ஜ் ஹவுசிங்கில் சரியாக உட்காரவில்லை, தண்ணீர் ஓரமாகப் புகுந்து வடியாமலே போயிருக்கிறது. இது நடந்தால் அரை மைக்ரான் போட்டும் புண்ணியம் இல்லை. நான் சர்வீஸுக்குப் போகிற வீடுகளில் ‘ஃபில்டர் சரியில்லை’ என்ற புகாருக்கு அடிக்கடி காரணம் இந்தக் கோடுதான்.

இரண்டாவது ஹவுசிங் கார்பனுக்கு, அதாவது வாடையை எடுக்கும் கரிக்கு. தூளாக நிரப்பியது ஒன்று, கட்டியாக அழுத்தியது ஒன்று என இரண்டு வகை. கட்டி கார்பன், அதாவது கார்பன் பிளாக் வாங்குங்கள். தூள் கார்பனில் தண்ணீர் தனக்கு வசதியான வழியைத் தேடிக்கொண்டு ஓடிவிடும். கட்டியில் அந்தத் தப்பு வழி இருக்காது. அட்டையில் என்எஸ்எஃப் (குடிநீர்ச் சாதனங்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பு) 42 என்று இருந்தால் குளோரின், சுவை, வாடை ஆகியவற்றுக்குச் சோதித்தது. என்எஸ்எஃப் 53 என்று இருந்தால் ஈயம், சில கரிம இரசாயனங்கள், சிஸ்ட் எனும் உறைக்குள் இருக்கும் கிருமிகள் போன்ற உடல்நலம் சம்பந்தப்பட்டவற்றில் சிலவற்றுக்குச் சோதித்தது; எவற்றுக்கு என்பதை அந்தப் பட்டியலில் பார்க்க வேண்டும், எண்ணை மட்டும் பார்த்து எல்லாவற்றுக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த முத்திரை கார்ட்ரிட்ஜுக்கா, பிளாஸ்டிக் உறைக்கு மட்டுமா என்பதையும் பாருங்கள். கடைக்காரர் காட்டிய அரை மைக்ரான் பெரும்பாலும் கார்பன் பிளாக்காகத்தான் இருக்கும்.

கார்பனைப் பற்றி விற்பனையாளர்கள் சொல்லாத ஒரு விஷயம். மீன் தொட்டிக் கடைகளிலும் நீச்சல் குளச் சாமான் கடைகளிலும் குளோரின் சோதிக்கும் சொட்டு மருந்து கிடைக்கும். ஃபில்டருக்கு முன்னால் பிடித்த தண்ணீரில் விட்டால் மஞ்சளாகும், ஃபில்டர் தண்ணீரில் நிறம் வராது. சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குடிக்கிற கோப்பையில் செய்யாதீர்கள். நிறம் வர ஆரம்பித்தால் கார்பன் முடிந்தது என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் நிறம் வராததை வைத்துக் கார்பன் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஏனென்றால் குளோரினைக் கார்பன் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, அதைச் சாதாரண குளோரைடாக மாற்றி அனுப்பிவிடுகிறது. அந்த வேலை நெடுநாள் நடக்கும். பூச்சிமருந்து போன்ற கரிமப் பொருள்களைத் தன் நுண்துளைகளில் பிடித்துத்தான் வைக்க வேண்டும். அந்த இடம் முன்னாலேயே நிறைந்துவிடும். அதனால் அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, ஆறு மாதம், இந்த இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள்.

மாற்றாமல் விட்டால் என்ன? கார்பன் குளோரினை எடுத்துவிட்டதால் அதற்குப் பிறகுள்ள தண்ணீருக்குக் காவல் கிடையாது. ஈரம், இருட்டு, பிடித்து வைத்த கரிமப் பொருள் என எல்லாம் இருக்கிற இடத்தில் பாக்டீரியா பெருகும். அவை பெரும்பாலும் தீங்கில்லாத ரகம்தான். ஆனாலும் கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கிற வீட்டில் அதை நம்பி விடக் கூடாது. வருடக்கணக்கில் மாற்றாத ஃபில்டரை விட ஃபில்டரே இல்லாத குழாய் மேல் என்று நான் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. சில்வர் கலந்த கார்பன் என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். அது கார்பனுக்குள் வளர்ச்சியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம். தண்ணீரில் உள்ள கிருமியைக் கொன்று தரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது ஹவுசிங்கில்தான் உங்களுக்குத் தேர்வு இருக்கிறது. செராமிக் போடலாம்; நல்ல தயாரிப்பு 0.9 மைக்ரான் அளவில் பாக்டீரியாவைப் பெருமளவு பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. மாதம் ஒருமுறை எடுத்து ஓடும் தண்ணீரில் மெல்லிய நாரால் தேய்க்க வேண்டும், சோப்பு போடக் கூடாது. கீழே விழுந்து மயிரிழை விரிசல் விட்டாலும் அது அப்புறம் வெறும் வெள்ளைக் குழாய்தான், பார்த்தால் தெரியாது. இல்லையென்றால் யுஎஃப் எனும் இழை வடிகட்டி: துளை ஏறக்குறைய 0.01 மைக்ரான், தேய்க்க வேண்டியதில்லை, அடைத்தால் மாற்ற வேண்டியதுதான். வேலைக்குப் போய்க்கொண்டு கைக்குழந்தையும் வைத்திருப்பவருக்கு நான் யுஎஃப் பக்கம் சாய்வேன். தேய்க்க மறந்த செராமிக் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அல்கலைன் உருண்டைகளை விட்டுவிடுங்கள். தண்ணீரின் பிஎச் கொஞ்சம் ஏறும் என்பது உண்மை, அதைக் காட்டவும் செய்வார்கள். குடித்ததும் வயிற்று அமிலத்தில் அது காணாமல் போகும். சர்க்கரை வியாதி குறையும், மூட்டு வலி போகும் என்பதற்கெல்லாம் உருப்படியான ஆதாரம் இல்லை.

அந்த விற்பனையாளர் அடுத்த முறை வரும்போது ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவரக்கூடும். இரண்டு கண்ணாடியில் தண்ணீர்: ஒன்று உங்கள் குழாயில் பிடித்தது, இன்னொன்று அவருடைய ஆர்ஓ (மிக நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் முறை) தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுப்பார். உங்களுடையது பச்சையும் பழுப்புமாகச் சாக்கடை போலத் திரளும், அவருடையது தெளிவாக நிற்கும். அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததில்லை. கம்பியில் உள்ள இரும்பு மின்சாரத்தில் கரைந்து வந்தது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லாததால் மின்சாரம் ஓடாது, கம்பியும் கரையாது. சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அவருடைய கண்ணாடியில் போட்டு, இன்னொரு முறை காட்டுங்கள் என்று கேளுங்கள். ஆர்ஓ மோசமான கருவி என்று சொல்லவில்லை. கரைந்த உப்பு, நைட்ரேட் போன்றவற்றை வீட்டளவில் எடுக்க அதை விட்டால் நல்ல வழி குறைவு. நம் ஆற்றுத் தண்ணீரில் கரைந்த உப்பு குறைவு. நான் மீட்டர் வைத்துப் பார்த்த குழாய்களில் பெரும்பாலும் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள்தான் காட்டியிருக்கிறது. அதற்கு ஆர்ஓ வாங்கி, வடிக்கிற தண்ணீரை விட அதிகத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவானேன்?

களைக்கொல்லி பற்றிய பயம் நியாயமானது. ஆனால் உங்கள் வீட்டுக் குழாய் நீர் பின்னால் இருக்கிற தோட்டத்து மண்ணிலிருந்து வருவதில்லை என்பதை முதலில் நினைவில் வையுங்கள். பாராகுவாட் எனும் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை. அது மண்ணோடு மிக இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் சரக்கு. இப்போது அதிகம் அடிக்கப்படும் கிளைபோசேட்டும் மண்ணில் ஒட்டிக்கொள்ளும் ரகம்தான். நிலத்தடிக்கு இறங்குவதை விட, பெருமழையில் மண்ணோடு சேர்ந்து வாய்க்காலுக்குப் போவதே அதிகம். இதுவரை உறுதி. சங்கடம் என்னவென்றால், கிளைபோசேட்டைக் கார்பன் நன்றாகப் பிடிக்காது. பல பூச்சிமருந்துகளை அருமையாகப் பிடிக்கும் கார்பன் இதில் சோடை போகிறது. ‘பூச்சிமருந்தை நீக்கும்’ என்று பொதுவாக எழுதியிருந்தால், எந்தப் பூச்சிமருந்து என்று கேட்க வேண்டும்.

அம்மா அப்பா வீடு முற்றிலும் வேறு கணக்கு. அங்கே குளோரின் இல்லை, யாரும் சோதித்து அனுப்புவதும் இல்லை. உங்கள் வீட்டு மூன்று கார்ட்ரிட்ஜை அப்படியே அங்கே மாட்டினால் காசுக்குக் கேடு. ஒரு வெள்ளை வாளியில் பம்பிலிருந்து நேரே தண்ணீர் பிடித்து, மூடாமல் ஒரு ராத்திரி வையுங்கள். பிடிக்கும்போதே பழுப்பாக இருந்து காலையில் அடியில் படிந்திருந்தால் அது துகள், பிபி பிடிக்கும். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, காலையில் மஞ்சளாகி மேலே எண்ணெய் போல ஓர் ஆடை மினுங்கினால் அது கரைந்த இரும்பு. காற்றுப் பட்ட பிறகுதான் துருவாக மாறுகிறது, அதனால் பிபியைத் தாண்டி ஓடிவிடும். அதற்குத் தண்ணீரைத் தொட்டியில் தெளித்து விழவிட்டுக் காற்றேற்றி, அப்புறம் மாங்கனீஸ் பூசிய மணல் டாங்கியில் வடித்து, அவ்வப்போது எதிர்த்திசையில் கழுவிவிட வேண்டும். கார்ட்ரிட்ஜ் வேலை அதற்குப் பின்னால்தான் வரும். காலையிலும் படியாமல் தேநீர் நிறமாகவே நின்றால் சதுப்பு மண்ணின் சாயமாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

வாளியில் தெரியாதவை இரண்டு: கிருமி, நைட்ரேட். உரம் போடும் தோட்டத்துக்கு நடுவில் உள்ள கிணற்றில் நைட்ரேட் இருக்க வாய்ப்புண்டு. தரத்தின்படி நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராம்தான் உச்சம். கைக்குழந்தைக்கு அது கூடினால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பது கெடும். கார்பன் இதைத் தொடாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி நைட்ரேட் இன்னும் கூடும். நம் ஆட்களில் பலருக்கு இது தெரிவதில்லை. ஆகவே சோதனை வரும்வரை பாட்டி வீட்டுக்குப் போகும்போது குழந்தையின் பாலுக்கு உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கொண்டுபோய் அங்கே கொதிக்க வையுங்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் எங்கே சோதிக்கலாம் என்று கேளுங்கள். தனியார் என்றால் சாம் (மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடமாகப் பாருங்கள். கிருமி, இரும்பு, மாங்கனீஸ், நைட்ரேட் ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் அந்தக் கிணற்றுக்கு இதைப் போடு, அதைப் போடு என்று நானோ வேறு யாரோ சொன்னால் அது குருட்டாம்போக்குதான்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம். கடைக்குப் போகுமுன் பழைய கார்ட்ரிட்ஜின் நுனியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பக்கமும் ஓட்டையாக, தட்டையான ரப்பரோடு இருந்தால் அது எங்கும் கிடைக்கும் சாதாரண அளவு. ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் வளையத்தோடு நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ரகம்தான் பொருந்தும். வால்வை மூடி, மேலே உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திக் காற்றை விட்டபின் திருகுங்கள். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தில் உணவுத்தரச் சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள், மோட்டார் கிரீஸோ வாஸ்லினோ வேண்டாம். கையால் இறுக்கி, ஸ்பேனரால் கொஞ்சம் திருகினால் போதும்; பலத்தைக் காட்டினால் குடுவை வெடிப்பு விடும். முதலில் கார்பனிலிருந்து கறுப்புத் தூள் வரும், பத்து நிமிடமாவது ஓடவிட்டுக் கொட்டுங்கள். குடுவை கண்ணாடி போல் தெரியும் ரகமாக இருந்து ஜன்னல் வெயில் பட்டால் பாசி பிடிக்கும், துணி போட்டு மறையுங்கள். தண்ணி கட் என்று அறிவிப்பு வந்தால் ஃபில்டர் வால்வை மூடிவிடுங்கள். தண்ணீர் திரும்பியதும் வாசல் குழாயைத் திறந்து, தெளியும்வரை ஓடவிட்டபின் ஃபில்டரைத் திறந்தால், அஞ்சு நிமிட வேலையில் ஒரு பிபி மிச்சம். தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்தாலும் அப்படித்தான், தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிடியுங்கள்.

தோட்டத்து வீட்டு வாளியில் காலையில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு படம் போட்டால் இன்னும் நல்லது. சோதனைத் தாள் வந்ததும் மணல் டாங்கியின் அளவைப் பற்றிப் பேசலாம். அதற்கு வீட்டில் எத்தனை பேர், பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதும் வேண்டும்.